எரிவதற்கு முந்தைய மணம்: மதுரை அத்தர் கடையில் கிடைத்த பச்சைச் சாம்பிராணி

மாங்காயைப் பறித்துக் காம்பை முறித்ததும் பீறிட்டு வரும் பாலின் மணத்தை அறிந்தவர்களுக்கு, நான் இங்கே எழுதப்போகும் அத்தரின் முதல் ஐந்து நிமிடங்கள் பழகிய மணமாகவே இருக்கும். அந்தப் பால் தோலில் பட்டால் புண்ணாகும், துணியில் பட்டால் கறை போகாது. இருந்தும், சித்திரை வைகாசியில் நத்தம் பக்கத்துத் தோப்பு ஒன்றில் காய் இறக்கும்போது அருகில் நின்றால், எலுமிச்சைத் தோலும் பச்சை மிளகும் ஈரப் பட்டையும் ஒன்றாகச் சேர்ந்தாற்போன்ற அந்தக் காரமான வாசத்தை மூச்சு தானாகவே ஆழமாக இழுத்துக்கொள்ளும். வாசனைத் திரவியங்களில் பிசின்களைக் கொண்டு கட்டப்படும் மணக்கூட்டுகளுக்கு இரண்டு கரைகள் உண்டு. ஒரு கரையில் புகையும் இனிப்பும் கனமும் இருக்கின்றன. மறு கரையில் மரத்திலிருந்து அப்போதுதான் கசிந்த பிசினின் குளிர்ச்சியும் பசுமையும் இருக்கின்றன. நம் ஊரில் சாம்பிராணி என்ற பெயரில் விற்கும் வாசனைகளில் நான் முகர்ந்தவை ஏறத்தாழ எல்லாமே முதல் கரையைச் சேர்ந்தவை. மறு கரையைச் சேர்ந்த ஒன்றை, மதுரை வெயிலிலும் பூசிக்கொள்ளத் தக்கதாக, ஒரு சிறிய கடையில் கண்டேன் என்பதற்காகவே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

கடை காஜிமார் தெருப் பக்கத்தில், பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது. பலகையில் உரிமையாளரின் குடும்பப் பெயரே எழுதப்பட்டிருப்பதால் அதை இங்கே குறிப்பிடவில்லை. ஒருவர் இரு கைகளையும் விரித்தால் அடங்கிவிடும் அகலம்தான் முகப்பு. தொப்பி, தஸ்பீஹ் மணி, சுருமா, ஊதுபத்தி ஆகியவற்றுக்குப் பின்னால் மூன்று தட்டுகளில் அத்தர்க் குப்பிகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்த வேளையில் நிற்கவும் இடம் இருக்காது. வார நாள் காலை பதினொரு மணிக்குப் போனால் கடைக்காரப் பெரியவர் உட்காரவைத்துப் பேசுவார்.

நான் போனது அப்படியொரு காலையில். பள்ளியில் வேதியியல் கற்பிப்பவள் என்று முன்பொரு முறை சொல்லியிருந்ததால் அவருக்கு நான் டீச்சர்தான். "பாய், சாம்பிராணி வாசம் வேணும், ஆனா புகை வாசம் கூடாது" என்று கேட்டேன். அவர் குப்பி எதையும் எடுக்கவில்லை. கீழ்இழுப்பறையிலிருந்து ஒரு சிறிய டப்பாவைத் திறந்து, பச்சை சாயல் ஓடிய வெளிர்மஞ்சள் பிசின் துண்டு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். "மொதல்ல இத நகத்தால கீறி மோந்து பாருங்க டீச்சர். இந்த வாசம் மனசுல நின்னாத்தான் குப்பிய தெறக்கணும்" என்றார். ஒரு கடைக்காரர் தன் சரக்கை விற்பதற்கு முன் அதன் மூலப்பொருளை வாடிக்கையாளர் கையில் கொடுத்து, இதனோடு ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள் என்று சொல்வதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இந்தக் கடைக்கு நான் தரும் மதிப்பில் பாதி அந்த ஒரு செயலுக்கே உரியது.

அவர் கொடுத்தது ஓமன் நாட்டின் தோஃபார் பகுதியில் வளரும் போஸ்வெல்லியா சாக்ரா என்ற மரத்தின் பிசின். இதைத் தமிழில் எப்படி அழைப்பது என்பதிலேயே சிக்கல் இருக்கிறது. சாம்பிராணி, குந்திரிக்கம், குங்கிலியம் என்ற பெயர்கள் நாட்டு மருந்துக் கடைக்குக் கடை இடம் மாறி வழங்குகின்றன. அகராதிப்படி சாம்பிராணி என்று சொல்லத்தக்க ஸ்டைராக்ஸ் பிசின் சுமத்ராவிலும் லாவோஸிலும் கிடைப்பது. வனிலாவை நினைவூட்டும் இனிப்பு மணம் கொண்டது. குங்கிலியம் சால மரத்தின் பிசின். கருங்குங்கிலியம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் கானேரியம் ஸ்டிரிக்டம் மரத்தினுடையது. இவற்றோடு மத்திய இந்தியாவின் வறண்ட காடுகளில் கிடைக்கும் போஸ்வெல்லியா செர்ராட்டாவும் சேர்ந்துகொள்ள, கீழமாசி வீதியில் "சாம்பிராணி கால் கிலோ" என்று கேட்டு வாங்கும் பொட்டலத்தில் இவற்றில் எது இருக்கிறது என்பது முகர்ந்து பார்த்தால்தான் தெரியும். கரித்தூளில் மணம் சேர்த்துக் கிண்ண வடிவில் அழுத்திச் செய்யும் கம்ப்யூட்டர் சாம்பிராணியை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. ஓமன் பிசினைக் குறிக்க இந்த மதிப்புரையில் குந்திரிக்கம் என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன்.

குந்திரிக்கத்தைத் தணலில் போட்டவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். போட்ட முதல் சில நொடிகளில் எழும் வாசம் வேறு, பிறகு அறை முழுவதும் நிறையும் வாசம் வேறு. முதலில் எழுவது எலுமிச்சையையும் பைன் மரத்தையும் ஒத்த, கூர்மையான, ஏறக்குறைய ஈரமான ஒரு மணம். அதன்பின் பிசின் உருகிக் கருகத் தொடங்கியதும் அந்தக் கூர்மை மறைந்து, எண்ணெய்க் குளியலுக்குப் பின் கூந்தலுக்குப் புகை காட்டிய நாட்களை நினைவூட்டும் கனத்த மணம் வந்துவிடுகிறது. இதற்குக் காரணம் பிசினின் அமைப்பிலேயே இருக்கிறது. பட்டையில் காயம் பட்டதும் மரம் விடும் மருந்துதான் பிசின். அதில் டெர்பீன்கள் எனப்படும், எளிதில் ஆவியாகும் மண மூலக்கூறுகளும், ஆவியாகாமல் தங்கி இறுகிப் புண்ணை மூடும் கனமான மூலக்கூறுகளும் கலந்திருக்கின்றன. டெர்பீன்களில் சிறியவை பத்துக் கார்பன் அணுக்களைக் கொண்டவை. ஓமன் குந்திரிக்கத்தில் அவற்றுள் முதன்மையானது ஆல்ஃபா-பைனீன். பைன் மரத்தின் பெயரைத் தாங்கியது. அதனோடு எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல்களில் நிறைந்துள்ள லிமோனீனும் இருக்கிறது. இந்திய இனமான செர்ராட்டாவில் ஆல்ஃபா-துஜீன் மேலோங்குவதால் அதன் மணம் சற்றே கரடுமுரடாக, மிளகுப் பக்கம் சாய்ந்ததாக இருக்கும். தணலில் இந்தச் சிறிய மூலக்கூறுகள் முதலில் பறந்துவிடுகின்றன. மிஞ்சியவை வெப்பத்தால் சிதைந்து புகையாகின்றன. ஆகவே, புகை மணத்தை மட்டும் அறிந்தவர்கள் அந்த மரத்தின் பாதி மணத்தைத்தான் அறிந்திருக்கிறார்கள். மறு பாதியைப் பிடித்துவைக்க வேண்டுமானால் எரிக்காமல் நீராவியில் வடிக்க வேண்டும்.

ஆனால் வடித்த எண்ணெயை அப்படியே மணமற்ற எண்ணெயில் கலந்து பூசிக்கொண்டால் போதாது என்பதை நான் அனுபவத்தில் அறிவேன். சென்ற ஆண்டு இணையத்தில் ஒரு நிறுவனத்திடமிருந்து குந்திரிக்க எண்ணெய் என்ற ஒன்றை வாங்கினேன். அதில் போஸ்வெல்லிக் அமிலம் நிறைந்திருப்பதாகவும் மூட்டுவலியைத் தீர்க்கும் என்றும் அட்டையில் அச்சிட்டிருந்தார்கள். போஸ்வெல்லிக் அமிலங்கள் முப்பது கார்பன் சட்டகம் கொண்ட கனமான மூலக்கூறுகள். நீராவியோடு ஏறி வருவதில்லை, கொப்பரையின் அடியிலேயே தங்கிவிடும். வடித்த எண்ணெயில் அவை நிறைந்திருக்கின்றன என்று சொல்பவர் தன் பொருளைத் தானே அறியாதவர் அல்லது வாங்குபவரை ஏமாற்றுபவர். அந்த எண்ணெயின் மணமும் இருபது நிமிடத்தில் தீர்ந்து, பெயிண்ட்டர்கள் தூரிகை கழுவும் டர்பன்டைன் வாடையை மட்டும் விட்டுச் சென்றது. பச்சைப் பிசின் மணத்தைக் கூட்டாகக் கட்டுவதன் அருமை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மிக விரைவில் ஓடிவிடும் ஒரு மணத்தை, கனத்தால் அழுத்தாமல், இனிப்பால் மூடாமல் நிறுத்திவைக்க வேண்டும்.

கடைக்காரர் குப்பியைத் திறந்தார். கையால் எழுதிய சீட்டில் "சாம்பிராணி - பச்சை" என்றிருந்தது. எண்ணெய்களை மும்பையிலிருந்தும், உத்தரப் பிரதேசத்தில் அத்தருக்குப் பெயர் பெற்ற கன்னோஜிலிருந்தும் வரவழைத்துத் தாமே கலப்பதாகச் சொன்னார். அளவுகளைச் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. என்னென்ன சேர்கின்றன என்பதை மட்டும் ஒளிவின்றிச் சொன்னார்.

குந்திரிக்கத்துக்கு அடுத்தபடியாக அதில் இருப்பது எலிமி. பிலிப்பைன்ஸ் நாட்டில் வளரும் கானேரியம் லூசோனிகம் மரத்தின் பிசினிலிருந்து வடிப்பது இது. மேலே சொன்ன கருங்குங்கிலிய மரத்தின் நெருங்கிய உறவு. ஆனால் மணத்தில் இது உறவைக் காட்டிக்கொள்வதில்லை. அதன் எண்ணெயில் லிமோனீனே பெரும்பகுதி என்பதால் அப்போதுதான் உரித்த எலுமிச்சைத் தோல்போல் இருக்கும். ஃபெலாண்ட்ரீன் இருப்பதால் மிளகின் உறைப்பும் வரும். குந்திரிக்கத்துக்கும் எலுமிச்சைக்கும் இடையில் ஒரு பாலம் வேண்டுமானால் இதைவிடப் பொருத்தமான ஒன்று கிடையாது. வெறும் எலுமிச்சை எண்ணெயைச் சேர்த்திருந்தால் பாத்திரம் துலக்கும் சோப்பின் நினைவு வந்திருக்கும். எலிமியின் எலுமிச்சைத்தன்மைக்குள் மரம் இருக்கிறது.

மூன்றாவது கால்பனம். பெயர் நமக்குப் புதிதாக இருந்தாலும் குடும்பம் புதிதல்ல. நாம் சாம்பாரில் சேர்க்கும் பெருங்காயம் எந்தப் பேரினத்துச் செடியின் பாலோ, அதே ஃபெரூலா பேரினத்துச் செடியின் பால்தான் ஈரானில் கிடைக்கும் கால்பனமும். குடைமிளகாயை நறுக்கும்போதும் பச்சைப் பட்டாணித் தோலை உரிக்கும்போதும் எழும் பசுமை இதற்கு உண்டு. அதைத் தருபவை பைரசீன் வகை மூலக்கூறுகள். காற்றில் நினைத்துப் பார்க்க முடியாத அளவு குறைவாக இருந்தாலும் மூக்கு அவற்றைக் கண்டுகொள்ளும். 1947-இல் பால்மேன் நிறுவனத்துக்காக ஜெர்மேன் செல்லியே என்ற பெண் கலைஞர் உருவாக்கிய 'வான் வேர்' என்ற வாசனைத் திரவியம் இந்தப் பிசினை அள்ளிப் போட்டதற்காகவே வரலாற்றில் நிற்கிறது. நம் கடைக்காரர் அள்ளிப் போடவில்லை. ஒரு துளியைப் பத்தில் ஒன்றாக நீர்த்து அதிலிருந்து ஒரு துளி என்று அவர் கைச்சைகையால் காட்டினார். அந்தத் துளிதான் எனக்கு மாங்காய்க் காம்பை நினைவூட்டியது என்று நினைக்கிறேன். எலிமியின் டெர்பீன்களும் குந்திரிக்கத்தின் பைனீனும் பிசினைத் தர, கால்பனம் அந்தப் பிசினைச் செடியில் இருக்கும் நிலைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறது.

நான்காவதாக ரூமி மஸ்தகி. நம் நாட்டு மருந்துக் கடைகளிலும் கண்ணீர்த்துளி வடிவில் கிடைக்கும் இந்தப் பிசின் கிரேக்கத்தின் கியோஸ் தீவில் வளரும் பிஸ்டாசியா லென்டிஸ்கஸ் என்ற சிறுமரத்தினுடையது. அந்தத் தீவு மக்களின் மஸ்தகி வளர்ப்பு அறிவை யுனெஸ்கோ 2014-இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்த மரம் நம் மாமரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதைப் பெரியவரிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. குந்திரிக்கம், எலிமி, வெள்ளைப்போளம் ஆகியவை சேர்ந்த குடும்பமும் மாமரக் குடும்பத்துக்கு மிக நெருங்கியதே. வெள்ளைப்போள மரத்தின் பேரினத்தைச் சேர்ந்த கிளுவையை நம் கிராமங்களில் வேலிக்கு நடுகிறார்கள். கிளுவைக் கொப்பை முறித்து முகர்ந்தவர்கள் இந்தக் கூட்டின் ஒரு மூலையை ஏற்கெனவே அறிந்தவர்கள். ஆகவே, ஓமனும் ஈரானும் பிலிப்பைன்ஸும் சேர்ந்த ஒரு குப்பி மதுரைக்காரிக்கு நத்தத்துத் தோப்பாக மணப்பதில் மரங்களின் உறவுமுறைக்கும் பங்கு இருக்கிறது.

அடியில் சிறிதளவு வெட்டிவேர் இருக்கிறது. வழக்கமான சந்தன அடி இல்லை; உண்மையான சந்தன எண்ணெயில் கலந்தால் நீங்கள் கொடுக்கும் விலைக்கு வராது என்று அவரே சொன்னார். மணமற்ற ஒரு செயற்கை எண்ணெய்தான் அடிப்படை. இதை மறைத்துச் சந்தன அடி என்று விற்கும் கடைகளை நான் பார்த்திருப்பதால் இந்த நேர்மையைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது.

இனி, பூசிப் பார்த்த அனுபவம். பங்குனியின் கடைசி வாரத்தில் தொடங்கி ஒன்றரை மாதம், வெவ்வேறு வேளைகளில் இதைப் பூசிக்கொண்டேன். காலை எட்டு மணிக்கு மணிக்கட்டிலும் கழுத்தின் பக்கத்திலும் ஒரு கோடு இழுத்தால், முதல் ஐந்து நிமிடம் மேலே சொன்ன மாங்காய்ப் பாலும் எலுமிச்சைத் தோலும் மிளகும்தான். பிறகு ஒரு குளிர்ச்சி வருகிறது. கற்பூரத்தை முகர்ந்தால் மூக்கின் உள்ளே விரியுமே, அந்தக் குளிர்ச்சியின் மென்மையான வடிவம். இதுவும் தற்செயல் இல்லை. ஒரு காலத்தில் கற்பூர மரத்திலிருந்து எடுத்த கற்பூரம் இன்று பெரும்பாலும் பைன் மரத்து டர்பன்டைனிலுள்ள பைனீனிலிருந்து தொழிற்சாலைகளில் செய்யப்படுகிறது. ஆரத்தித் தட்டில் எரிவதும் குந்திரிக்கத்தின் மேல்மணமும் ஒரே மூலக்கூறின் வழிவந்தவை. அரை மணி நேரம் கழித்துக் குந்திரிக்கம் தன் சொந்த முகத்தைக் காட்டுகிறது. வறண்ட, சுத்தமான, சற்றே புளிப்பு ஏறிய, கல்மண்டபத்தின் உட்புறத்தில் அதிகாலையில் இருக்கும் காற்றைப் போன்ற மணம் அது. குந்திரிக்கத்துக்கே உரிய இந்த நெடுநேர மணத்துக்குக் காரணம் என்ன என்பது பல காலம் தெரியாமலே இருந்தது. 2016-இல்தான் பிரான்சின் நீஸ் நகர ஆய்வாளர்கள், எண்ணெயில் மிகச் சிறிய அளவே இருக்கும் இரண்டு அமிலங்களே அதைத் தருகின்றன என்று கண்டறிந்து அவற்றுக்கு ஒலிபானிக் அமிலங்கள் என்று பெயரிட்டார்கள். நல்ல எண்ணெயில் அந்த மணம் புகையில்லாமலே வரும் என்பதற்கு இந்தக் குப்பி சாட்சி.

இரண்டு மணி நேரம் ஆனதும் வெட்டிவேர் மேலே வருகிறது. அதன்பின் மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோனால்தான் தெரியும். கத்திரி வெயிலில் இந்த நேரம் இன்னும் சுருங்கியது. பிற்பகல் இரண்டு மணிக்குப் பூசிக்கொண்டு டவுன்ஹால் ரோட்டில் நடந்தபோது, எலுமிச்சைப் பகுதி தெருமுனைக்கு வருவதற்குள் ஓடிவிட்டது. ஒன்றே முக்கால் மணி நேரத்தில் எல்லாம் தீர்ந்தது. ஆனாலும் அந்த ஒன்றே முக்கால் மணி நேரமும் என்னை அது திணறவைக்கவில்லை. நாற்பது டிகிரி வெப்பத்தில் ஊத் எனப்படும் அகில், கஸ்தூரி, வனிலா வகைகளைப் பூசிக்கொண்டு பேருந்தில் நிற்பது பூசியவருக்கும் அருகில் நிற்பவருக்கும் துன்பம். இந்த மணமோ வியர்வையோடு சேர்ந்தும் கெடாமல், நனைந்த பட்டைபோல் இருந்தது. பருத்திப் புடவையின் முந்தானையில் தொட்டுவைத்தால் மாலை வரை நிற்கிறது. தோலைவிடத் துணிக்கு இது பொருந்துகிறது. வெளிர் நிறத் துணியில் மட்டும் மஞ்சள் புள்ளி விழுகிறது, எனவே உள்மடிப்பில் வையுங்கள்.

நான் மிகவும் விரும்பிய வேளை வேறு. ஒரு மாலையில் தலையில் மூன்று முழம் மல்லிகை வைத்துக்கொண்டு இதையும் பூசியிருந்தேன். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை நாம் அடிக்கடி சொல்கிறோம். ஆனால் அந்தப் பூ இரவு ஏற ஏறக் கனத்துப்போவதையும், அதிலுள்ள இண்டோல் என்ற மூலக்கூறு தலைவலிக்கும் அளவுக்குச் சிலரைப் படுத்துவதையும் சொல்வதில்லை. பச்சைப் பிசின் மணம் அந்தக் கனத்தின் அடியில் ஒரு கல்தளம்போல் அமைந்தது. பூவின் இனிப்பு குறையவில்லை, ஆனால் நடுவில் காற்று போக இடம் கிடைத்தது. கோயிலில் பூவும் கற்பூரமும் சாம்பிராணியும் சேர்ந்து மணக்கும்போது நம் மனம் அமைதி கொள்வதற்கு பக்தியோடு இந்தச் சமநிலையும் ஒரு காரணமாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. என்னைப் போல் பூ வைத்துக்கொள்ளும் பெண்கள் அத்தர் தேடும்போது, பூவோடு போட்டியிடும் பூ அத்தரை வாங்காமல் இத்தகைய பிசின் மணத்தை வாங்கிப் பார்க்க வேண்டும்.

அதே கடையில் "சாம்பிராணி - புகை" என்ற இன்னொரு குப்பியும் இருக்கிறது. அதில் கன்னோஜில் குங்கிலியத்தை நேரடியாகச் சுட்டு வடிக்கும் சோயா ரால் என்ற எண்ணெய் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதன் மணம் தார், கரி, வெல்லப்பாகு. மார்கழிக் காலைக்கும், கீழவெளி வீதியின் புனித மரியன்னை பேராலயத்தில் கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலிக்கும் அது பொருந்தும். வாசனைக் கலைஞர் பெர்த்ராண் துஷோஃபூர் 2002-இல் கொம் தெ கார்சோன் நிறுவனத்துக்காக உருவாக்கிய 'அவின்யோன்' என்ற வாசனைத் திரவியம் இந்தத் தேவாலயத் தூப மணத்துக்குப் பெயர் பெற்றது. அதை விரும்புகிறவர்கள் இந்தப் புகைக் குப்பியைக் கேட்கலாம். எனக்கு அது கோடையில் வேண்டாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பெரிய குறை, இது கெட்டுப்போகும் என்பதைக் கடையில் யாரும் சொல்லவில்லை. முதலில் நான் வாங்கிய ஆறு மில்லி குப்பியைச் சன்னல் ஓரத்தில் வைத்திருந்தேன். ஆறு வாரத்தில் எலுமிச்சை மறைந்து, நான் வெறுக்கும் அந்த டர்பன்டைன் வாடை வந்துவிட்டது. பைனீனும் லிமோனீனும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து ஹைட்ரோபெராக்சைடுகளாக மாறுகின்றன. வெப்பமும் வெளிச்சமும் அதை விரைவுபடுத்துகின்றன. இது மணத்தின் கேடு மட்டும் இல்லை. புதிய லிமோனீனைவிட இப்படி ஆக்சிஜனேற்றம் அடைந்த லிமோனீன்தான் தோலில் ஒவ்வாமையை உண்டாக்குவது. எனவே, பழைய குப்பியைச் சிக்கனம் கருதிப் பூசிக்கொள்ளாதீர்கள். பிசின் மணங்களை வாங்கும்போது பெரிய குப்பி இலாபம் என்று கணக்குப் போடவும் கூடாது. மூன்று மில்லி வாங்கி, இறுக மூடி, குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டில் வைத்துக்கொண்டு, இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிட்டு மீண்டும் போய் வாங்குவதே சரி. இரண்டாவது முறை நான் அப்படித்தான் செய்தேன். இன்று வரை மாங்காய்ப் பால் அப்படியே இருக்கிறது.

சீட்டில் கலந்த தேதியும் இல்லை, சேர்க்கப்பட்ட பொருள்களின் பெயரும் இல்லை. வாயால் சொல்லும் நேர்மை காகிதத்திலும் இருக்க வேண்டும். ஒவ்வாமை உள்ள ஒருவர் பரிசாகப் பெற்ற குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் வந்து கேட்க முடியாது. சாம்பிராணி என்ற பெயரும் தவறான எதிர்பார்ப்பைத் தருகிறது. என் தங்கை அந்தப் பெயரைப் படித்துவிட்டுப் புகை மணத்தை எதிர்பார்த்து முகர்ந்து, எதையோ தவறாகக் கொடுத்துவிட்டார்கள் என்றாள். "குந்திரிக்கம் - பச்சை" என்று எழுதினால் என்ன என்று கேட்டேன். "அந்தப் பேருல எழுதுனா யாரு டீச்சர் வாங்குவா?" என்றார். அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, ஆனாலும் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. உருட்டுக் குண்டு பொருத்திய குப்பியில் வெயில் நாளில் எண்ணெய் கசிகிறது என்பதும் உண்டு. கண்ணாடிக் குச்சி வைத்த குப்பியைக் கேட்டு வாங்கலாம், பத்து ரூபாய் கூடுதல்.

குந்திரிக்கம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டதற்கு அவர் ஓமன் என்று உடனே பதில் சொன்னார். இந்தக் கேள்வியை எல்லா இடத்திலும் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். எத்தியோப்பியா, எரித்திரியா, சூடான் காடுகளிலுள்ள போஸ்வெல்லியா பாப்பிரிஃபெரா இனத்தில் இளம் மரங்கள் ஏறத்தாழ இல்லாமல் போய்விட்டதை 2019-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மேய்ச்சலும் தீயும் கன்றுகளை அழிக்கின்றன. ஓயாமல் கீறப்படும் முதிய மரங்கள் தளர்கின்றன. ஒரு மரத்தின் காயத்திலிருந்து வரும் பொருளைப் பூசிக்கொள்ளும்போது அந்த மரம் ஆறுவதற்கு நேரம் கொடுக்கப்பட்டதா என்று கேட்பது முறை. பெரியவரிடம் அதற்குப் பதில் இல்லை; சரக்கு அனுப்புகிறவரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

மூன்று மில்லி 280 ரூபாய், ஆறு மில்லி 520 ரூபாய். இதில் உள்ள குந்திரிக்க எண்ணெயின் தரத்துக்கு இது நியாயமான விலை. நேரமும் மூக்கும் கொடுத்துக் கற்பிக்கும் சேவைக்கு அவர் எதுவும் வாங்குவதில்லை. பத்து மணி நேரம் நிற்கும் மணம் வேண்டும், தெருவில் போகும்போது நாலு பேர் திரும்ப வேண்டும் என்று நினைப்பவர்கள் இதை வாங்க வேண்டாம், அவர்களுக்கான ஊத் குப்பிகள் மேல்தட்டில் இருக்கின்றன. வாங்க நினைப்பவர்கள் முதலில் முழங்கையின் உட்புறத்தில் ஒரு துளி தொட்டுவைத்து ஒரு நாள் காத்திருக்க வேண்டும். கடைக்குப் போகும் காலையில் வேறு எந்த வாசனையும் பூசிக்கொள்ளாமல் போங்கள். குப்பிக்கு முன் அந்தப் பிசின் துண்டைக் கேட்டு வாங்கி நகத்தால் கீறிப் பாருங்கள். ஆடி பிறந்து காற்று மாறியதும், வெயிலில் ஒன்றே முக்கால் மணி நேரம் நின்ற மணம் அப்போது எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்க, மூன்றாவது குப்பி வாங்கப் போகிறேன்.